ராணிப்பேட்டையிலிருந்து தரமணிக்கு வாரம் இரண்டு நாள்: இந்த வேலையை எடுக்கலாமா?

ராணிப்பேட்டையில் சொந்த வீடு, உள்ளூரிலேயே ஒரு தோல் கம்பெனியில் கணக்கு வேலை. இப்போது தரமணியில் ஒரு நிறுவனம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. வீட்டில் வயதான பெற்றோர், ஆறாவது படிக்கும் பையன். தினமும் இல்லையே, இரண்டு நாள்தானே, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுக்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த இரண்டு நாள் எவை, அவற்றை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எடுக்காதீர்கள்.

எனக்குக் காட்பாடி. 2022 ஜூனிலிருந்து இதே தரமணிக்கு, இதே கணக்கில் போய் வருகிறேன். முதல் இரண்டு வருடம் செவ்வாய், வியாழன் ஆபீஸ். மற்ற நாள் வீடு. சேர்ந்தபோது என் மகள் முதல் வகுப்பு. ராத்திரி படுக்கும்போது, "அம்மா, நாளைக்கு ரயில் நாளா, வீட்டு நாளா?" என்று கேட்பாள். அவள் வைத்த பெயர்தான் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. உங்களுக்கும் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன்.

ரயில் நாளில் நாலரை மணிக்கு எழ வேண்டும். ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டு இறங்கி, ஸ்டேஷன் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வரும் ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். சென்ட்ரலுக்கு எட்டரை மணி வாக்கில் வரும், தாமதமானால் ஒன்பதும் ஆகும். சுரங்கப்பாதையில் நடந்து பூங்கா நகர் போய்ப் பறக்கும் ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் தரமணி. நாற்காலியில் உட்காரும்போது ஒன்பதே முக்காலை நெருங்கிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்குச் சற்று முன்னால் சென்ட்ரலிலிருந்து அதே ஏலகிரி. அதைப் பிடிக்க ஐந்து மணிக்கு முன்பே ஆபீஸை விட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டுக்குள் நுழையும்போது ஒன்பது. ஒரு நாளுக்குப் பயணம் மட்டும் எட்டு மணி நேரத்துக்கு மேல். வாலாஜா ரோட்டில் ஏறுவதால் உங்களுக்கு ஒவ்வொரு பக்கமும் அரை மணி நேரம் குறையலாம், அவ்வளவுதான்.

வேலையில் சேரும்போது நான் ஒரு கணக்குப் போட்டேன். அம்பத்தூரிலிருந்து வாரம் ஐந்து நாளும் தரமணிக்கு வரும் தோழிக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஐந்து நாளில் பதினைந்து மணி நேரம். எனக்கு இரண்டு நாளில் பதினாறு, பதினேழு. கிட்டத்தட்ட சமம்தானே, அதுவும் சொந்த ஊரில் இருந்துகொண்டு! தாளில் அது சரிதான். உடம்பு அப்படிக் கணக்குப் போடவில்லை. முந்தின நாள் ராத்திரி ஒன்பதரைக்கே படுக்கப் போக வேண்டும், ஆனால் பிள்ளை தூங்கப் பத்தரை. மறுநாள் புதன்கிழமை வீட்டு நாள்தான், ஆனால் பதினோரு மணிக்குக் கண் சொருகும். ஒரே எக்செல் ஷீட்டை மூன்று முறை சரிபார்ப்பேன். ஆக ஒரு ரயில் நாள் தனக்கு முந்தின ராத்திரியையும் மறுநாள் காலையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகும். செவ்வாயும் வியாழனும் என்று பிரித்து வைத்ததில், திங்கள் ராத்திரி தொடங்கி வெள்ளி மத்தியானம் வரை நான் ஓய்ந்தே இருந்தேன். இது புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

ரயிலில் லேப்டாப்பைத் திறந்து வேலை பார்த்துக்கொள்ளலாம், பயண நேரம் வீண் போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீசன் டிக்கெட்காரர்கள் ஏறுவது முன்பதிவில்லாத பெட்டியில். மகளிர் பெட்டியில் ஆம்பூரில் ஏறும் ஒரு அக்கா ஜன்னலோரத்தில் கைக்குட்டை போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பார். சேப்பாக்கத்தில் அரசு வேலை, இருபது வருடமாக இதே வண்டி. நான் உட்கார்ந்ததும், "டீ குடிச்சியாம்மா?" என்று கேட்டுவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். அரக்கோணத்தில் ஏறும் கூட்டத்தில் நிற்பவர்களின் பை நம் மடியில் வந்துவிடும். லேப்டாப்பை எங்கே திறப்பது? அந்த இரண்டரை மணி நேரத்தில் தூங்கலாம், பாட்டுக் கேட்கலாம், பக்கத்தில் இருப்பவரின் கதையைக் கேட்கலாம். அது நல்ல நேரம்தான், குறை சொல்ல மாட்டேன். மாமியார் தவறிய வாரத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது அந்தப் பெட்டிதான். ஆனால் அதை வேலை நேரமாக எண்ணி யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரைதான் தருவார்கள். காட்பாடி சென்ட்ரலிலிருந்து சுமார் 130, வாலாஜா ரோடு அதைவிடக் கிட்டே. அதனால் நமக்குப் பிரச்சினை இல்லை. மாதம் எட்டு நாள்தானே போகிறோம், எதற்கு சீசன் என்று நினைக்க வேண்டாம். அந்த எட்டு நாளும் போய்த் திரும்பினால், தனித்தனியாக டிக்கெட் எடுப்பதை விட மலிவாகத்தான் முடிகிறது. சூப்பர்ஃபாஸ்ட் வண்டிக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும். முன்பதிவுப் பெட்டியில் சீசன் செல்லாது. சாயங்கால ஏலகிரியை விட்டுவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் கோவை, கேரளம் போகும் ராத்திரி வண்டிகள்தான் என்பதால் இதை முக்கியமாகச் சொல்கிறேன்.

ஏனென்றால் வேலையின் உண்மையான சோதனை சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான். க்ளையன்ட் லண்டனிலோ அமெரிக்காவிலோ இருந்தால் அவர்கள் மீட்டிங் வைக்கிற நேரம் நமக்கு ஐந்தும் ஆறும்தான். முதல் மேனேஜர், "நீங்க கிளம்புங்க, ட்ரெயின்ல இருந்து ஆடியோல சேர்ந்துக்கோங்க" என்பார். திருவள்ளூர் தாண்டினால் சிக்னல் விட்டுவிட்டு வரும், ஆனாலும் சமாளித்தோம். 2024 தொடக்கத்தில் அவர் மாறிப்போய்ப் புதியவர் வந்தார். "வாரம் இரண்டு நாள்" என்பது ஆஃபர் லெட்டரில் எங்கேயும் இல்லை, நேர்காணலில் வாயால் சொன்னதுதான். மார்ச்சில் அது மூன்று நாள் ஆனது. அப்புறம், "நாளைக்கு எல்லாரும் நேர்ல வந்துடுங்க" என்று ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும். தாம்பரத்தில் இருப்பவருக்கு அது சின்ன எரிச்சல். எனக்கு அது நாலரை மணி அலாரம், பிள்ளையை யார் பள்ளியில் விடுவது, அப்பாவுடைய மருந்தை யார் எடுத்து வைப்பது என்று ஒரு குடும்பமே மாறி உட்கார வேண்டிய விஷயம். அந்த மூன்று மாதம் நான் நிறைய அழுதிருக்கிறேன். தூரத்தால் வந்த அழுகை இல்லை அது. எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாததால் வந்தது.

இது ஒரு சின்ன கம்பெனியின் கதை மட்டும் இல்லை. 2023 அக்டோபரில் டிசிஎஸ் போன்ற மிகப்பெரிய நிறுவனமே ஊழியர்களை வாரம் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரச் சொன்னது. கொள்கை மாறலாம், மேனேஜர் மாறலாம். எழுத்தில் இருப்பதுகூட மாறலாம்தான், ஆனால் மாற்றுகிறவர் உங்களிடம் வந்து பேசியாக வேண்டும்.

நான் பேசினேன். வேலையை விட்டுவிடும் முடிவோடுதான் போனேன், அதனால் பயம் இல்லாமல் பேச முடிந்தது. கையில் ஒரு ஆய்வின் விவரமும் வைத்திருந்தேன். சீனாவில் ட்ரிப்.காம் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை வைத்துச் செய்தது, 2024-ல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டதில் வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், வேலைத் தரம் குறையவில்லை. பெண்களிடமும் நீண்ட தூரம் பயணம் செய்கிறவர்களிடமும் அந்தக் குறைவு தெளிவாகத் தெரிந்தது. நான் அந்த இரண்டு வகையிலும் வருகிறேன் என்று எச்.ஆரிடம் சொன்னேன். நான் கேட்டது மூன்றுதான். வாரம் இரண்டு நாள் என்பது மின்னஞ்சலில் வர வேண்டும். அந்த இரண்டு நாளும் அடுத்தடுத்து வர வேண்டும். கூடுதலாக ஒரு நாள் வேண்டுமென்றால் ஐந்து வேலை நாள் முன்னால் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் இழுத்தார்கள். கடைசியில் மூன்றையும் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்தடுத்த நாள் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் மாற்றியது. இப்போது செவ்வாய் காலை ஏலகிரியில் போகிறேன். ராத்திரி ஆதம்பாக்கத்தில் நாத்தனார் வீட்டில் தங்கல். புதன் சாயங்காலம் திரும்புகிறேன். வாரத்துக்கு நான்கு நீண்ட பயணம் இரண்டாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மீட்டிங் ஏழு மணி வரை போனாலும் மனசு பதறுவதில்லை. மகளுக்கு ஒரு ராத்திரி நான் பக்கத்தில் இல்லை, அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் வியாழனிலிருந்து திங்கள் வரை அவள் பள்ளி விட்டு வரும்போது வாசலில் நிற்பது நான்தான். சென்னையிலேயே குடியிருந்து ஐந்து நாளும் ஆபீஸ் போனால் இது நடக்காது. உங்களுக்குச் சொந்தக்காரர் வீடு இல்லையென்றாலும் தரமணி, பெருங்குடி பக்கம் நாள் கணக்கில் தங்கும் அறைகள் கிடைக்கும். அந்தச் செலவை முதலிலேயே சம்பளத்திலிருந்து கழித்துப் பாருங்கள்.

பணக் கணக்கு உங்களுக்கே தெரியும். குடும்பத்தோடு சென்னைக்கு மாறுவதோடு ஒப்பிட்டால் மட்டும்தான் அது சரியாக விளங்கும். நான் காட்பாடியில் கொடுக்கும் வாடகை 8,500. அதே அளவு வீட்டுக்கு வேளச்சேரியில் கேட்டது 24,000, அட்வான்ஸ் தனி. உங்களுக்குச் சொந்த வீடு என்பதால் வித்தியாசம் இன்னும் பெரிது.

வழியை மட்டும் இன்றைக்கு இருக்கிறபடியே இருக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். 2023 ஆகஸ்டில் நான்காவது ரயில் பாதை வேலைக்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். 2024 அக்டோபர் கடைசியில்தான் மறுபடி ஓடியது. அதுவரை சென்ட்ரலிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ஆட்டோவிலோ நடந்தோ போய் ஏற வேண்டியிருந்தது. சில நாள் அதற்கே அரை மணி நேரம் போனது. அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்ட்ரலிலிருந்து வண்டிகளே ஓடவில்லை. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் இருந்த டீம்காரர்கள் தண்ணீருக்கு நடுவில் கரண்ட் இல்லாமல் தவித்தார்கள். காட்பாடியில் எனக்குக் கரண்டும் நெட்டும் இருந்ததால் அந்த மாதச் சம்பளப் பட்டியலை நான்தான் முடித்தேன். தூரத்தில் இருப்பவரால் கம்பெனிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு, அதையும் பேச்சுவார்த்தையில் சொல்லுங்கள். வீட்டு நாளுக்கு ஒரு நல்ல இன்வெர்ட்டர் கட்டாயம். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பதிலிருந்து மின்சாரம் நிறுத்தும் நாள் எது என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் விஷயத்தில் நீங்கள் எழுதியது ஒரு வரிதான். ஆனால் எனக்குப் பெரிய கேள்வி அதுதான். ரயில் நாளில் மத்தியானம் அப்பாவுக்கு மயக்கம் என்று போன் வந்தால் நீங்கள் வீடு வந்து சேர நான்கு மணி நேரம் ஆகும். அந்த நான்கு மணி நேரத்துக்குப் பக்கத்து வீட்டிலோ தெருவிலோ ஒருவர் பேர் சொல்ல முடிகிறதா? முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் அந்த ஒருவரை முதலில் தேடிப் பிடித்துவிட்டு அப்புறம் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுங்கள்.

நோட்டீஸ் பீரியட் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் இரண்டு நாள் லீவு போட்டு, ஒரு செவ்வாயும் புதனும் உண்மையாகவே போய் வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலி வண்டியில் போய்ப் பார்ப்பது பயன் தராது. வாலாஜா ரோட்டில் ஏறும்போது உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், அரக்கோணம் வரை நின்று பாருங்கள். தரமணியில் அந்தக் கட்டடத்தின் வாசல் வரை நடந்து மணி பாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால் அங்கிருந்து கிளம்பித் திரும்புங்கள். வியாழன் காலை பத்து மணிக்கு எப்படி இருக்கிறது என்று குறித்து வையுங்கள். எந்த வாரம் என்று முடிவானதும் இங்கே எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை அதே வண்டியில்தான் நானும் இருப்பேன்.