ரோமியோ ஜூலியட்: கல்லறையில் ஜூலியட் எப்போது கண் விழிக்கிறாள்?

கேள்வி: ஒரே சோகக் காதல் கதையை நாடகம், ஓபரா, பாலே, மியூசிக்கல் என்று திரும்பத் திரும்ப எடுக்கிறார்களே, முடிவு தெரிந்த கதையில் பார்க்க என்ன இருக்கிறது?

ரோமியோ ஜூலியட்டை வைத்தே சொல்கிறேன், பல வருடமாக நான் விடாமல் தேடித் தேடிப் பார்க்கிற கதை அதுதான். எந்த வடிவம் கையில் கிடைத்தாலும் முதலில் கடைசிக் காட்சிக்குப் போய்விடுவேன். ஜூலியட் 42 மணி நேரம் செத்தவள் போலக் கிடக்க வைக்கும் மருந்தைக் குடித்துக் குடும்பக் கல்லறையில் கிடக்கிறாள், விஷயம் தெரியாத ரோமியோ வந்து விஷம் குடிக்கிறான், அவள் எழுந்து பார்த்துவிட்டுத் தன்னையே குத்திக்கொள்கிறாள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அவள் கண் விழிக்கும்போது அவனுக்கு உயிர் இருக்கிறதா, இல்லையா?

இது சின்ன விஷயமில்லை. ஷேக்ஸ்பியருக்கு முன்பே இந்தக் கதையை எழுதிய இத்தாலியர்கள் லூயிஜி தா போர்த்தோ, பந்தெல்லோ இருவரிடமும் அவன் சாவதற்குள் அவள் விழித்துவிடுகிறாள், இருவரும் பேசிக்கொள்கிறார்கள். அதைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனவர் அந்தச் சந்திப்பை எடுத்துவிட்டார். அந்த வழியில் வந்ததுதான் ஆர்தர் புரூக் 1562இல் எழுதிய ஆங்கிலக் கவிதை, அதிலிருந்துதான் ஷேக்ஸ்பியர் எடுத்தார். புரூக்கிடம் மாதக் கணக்கில் நடக்கும் கதையை அவர் நான்கைந்து நாளுக்குள் சுருக்கினார், 16 வயதுப் பெண்ணை 14கூட நிரம்பாதவளாக ஆக்கினார், ஆனால் அந்தக் காதலர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை பேச இடம் தரவில்லை. அதற்குப் பதிலாக ரோமியோவின் வாயில் ஒரு வசனம் வைத்தார். உன் உதட்டிலும் கன்னத்திலும் சிவப்பு இன்னும் போகவில்லையே, சாவின் வெளிறிய கொடி இங்கே ஏறவில்லையே என்கிறான். அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதை அவன் கண்ணே பார்த்துவிட்டது, புத்திக்குத்தான் எட்டவில்லை. பார்க்கிற நமக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருக்கும். பேச்சை நம்பி நிற்கிற நாடகத்தில்தான் இப்படி ஒரு வரியால் நெஞ்சைப் பிடிக்க முடியும்.

மேடைக்காரர்களுக்கே இது பொறுக்கவில்லை. 1748இல் டேவிட் காரிக் என்ற நடிகர் ஷேக்ஸ்பியரையே திருத்தி, அவளை முன்னதாக எழுப்பி, இருவருக்கும் நீளமாக ஒரு உரையாடல் எழுதிச் சேர்த்தார். கிட்டத்தட்ட நூறு வருடம் ஜனங்கள் அதைத்தான் ரோமியோ ஜூலியட் என்று நினைத்து அழுதார்கள்.

அப்புறம் ஓபரா, அதாவது வசனத்தையும் பாடியே நடத்துகிற நாடகம். பிரெஞ்சு இசையமைப்பாளர் கூனோவின் ஓபரா 1867இல் பாரிஸில் அரங்கேறியது, அதை நான் முதன்முதலில் பார்த்தது போனில், ராத்திரி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு. ரோமியோ விஷம் குடித்த பிறகு ஜூலியட் விழிக்கிறாள், அவளைப் பார்த்த சந்தோஷத்தில் குடித்த விஷமே அவனுக்கு மறந்துபோகிறது, வா எங்காவது ஓடிவிடலாம் என்று இருவரும் பாடுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது, மூலத்தைக் கெடுத்துவிட்டார்களே என்று. மறுபடி கேட்டபோதுதான் புரிந்தது. அந்த ஓபராவே இந்த இருவரின் நான்கு டூயட்களைத் தாங்கி நிற்கிறது, ஒரு குரலோடு இன்னொரு குரல் சேர்வதுதான் அங்கே காதல். இரண்டு குரலும் கடைசியில் ஒருமுறை சேராமல் திரை விழுந்தால் அந்தக் கலையில் அது பாதிக் கதை. அவனுக்கு நினைவு திரும்பி, நீ செத்துவிட்டாய் என்று நம்பிக் குடித்துவிட்டேன் என்று சொல்கிற இடத்தில் ஷேக்ஸ்பியரிடம் இல்லாத ஒரு வலி இருக்கிறது, அதை இப்போது மனதார ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் வேறு வழியில் போனார். 1839இல் வந்த அவருடைய சிம்ஃபனியில், அதாவது பெரிய வாத்தியக் குழுவுக்கான இசைப் படைப்பில், பாடகர்கள் உண்டு, ஆனால் காதல் காட்சியிலும் கல்லறைக் காட்சியிலும் காதலர்களுக்கு வார்த்தையே இல்லை, அவர்களுக்காகப் பேசுவது வாத்தியங்கள்தான்.

பேச்சே இல்லாமல் நடனத்தில் கதை சொல்கிற பாலேவில்தான் என் மனம் அதிகம் நிற்கிறது. 1935இல் ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபீவ் இதற்கு இசை எழுதியபோது முதலில் சுபமான முடிவு வைத்திருந்தார். காரணம் எளிது: உயிரோடு இருப்பவர்கள் ஆடலாம், சாகக் கிடப்பவர்கள் எப்படி ஆடுவார்கள்? அதற்குப் பலத்த எதிர்ப்பு வந்தது, சோக முடிவையும் நடனத்தில் சொல்ல முடியும் என்று நடனக்காரர்கள் அவருக்குப் புரியவைத்தார்கள், முடிவு மாறியது. 1965இல் லண்டனில் கென்னத் மெக்மில்லன் அமைத்த வடிவத்தைப் பாருங்கள். கல்லறையில் ரோமியோ அவள் உடம்பைத் தூக்கி ஆடப் பார்க்கிறான். முன்பு பால்கனிக் காதல் காட்சியில் காற்றில் மிதந்தவள் இப்போது துணிமூட்டை மாதிரி தொங்குகிறாள், கை நழுவுகிறது, தலை சாய்கிறது. ஒரு வருடம் பரதம் கற்றுக்கொண்டு விட்டவள் நான், அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உடம்பு முழுக்கப் பழகின ஒருவர் எதையும் தாங்காமல் தன்னை விட்டுவிடுவது லேசான காரியமில்லை.

1957இல் வந்த பிராட்வே மியூசிக்கல் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் கதை நியூயார்க் தெருக் கும்பல்களுக்குப் போய்விட்டது, பால்கனி இருந்த இடத்தில் கட்டிடத்தின் வெளிப்புற இரும்புப் படிக்கட்டு. அங்கே கல்லறையே கிடையாது, மருந்து கிடையாது, ஜூலியட்டான மரியா சாவதும் இல்லை. ரோமியோவான டோனி அவள் மடியில் செத்த பிறகு துப்பாக்கியைக் கையில் எடுத்து, இதில் இன்னும் எத்தனை குண்டு இருக்கிறது என்று கேட்கிறாள். அந்த இடத்துக்கு ஒரு பெரிய பாட்டு போட இசையமைப்பாளர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் பலமுறை முயன்று பார்த்துக் கடைசியில் விட்டுவிட்டார். அது பேச்சாகவே இருக்கிறது. அவ்வளவு நேரம் பாட்டாகக் கேட்டுவிட்டு அந்த வெறும் குரலைக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

எதில் ஆரம்பிக்கலாம் என்றால், மெக்மில்லனின் பாலேயில். கல்லறைக்கு முன்னால் ஒரு இடம் வரும், வேறொருவனைக் கட்டிக்கொள்ளச் சொல்லி வீட்டில் நெருக்கியபின் ஜூலியட் கட்டில் ஓரத்தில் நம்மைப் பார்த்தபடி உட்காருவாள். இசை ஏறிக்கொண்டே போகும், அவள் ஒரு விரலைக்கூட அசைக்க மாட்டாள். அங்கே வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.