முப்பது வயதுக்கு மேல் ஸ்கைடைவிங் கற்றுக்கொண்டு தனியாகக் குதிக்க முடியுமா? முதல் முறை எப்படி இருந்தது?

முடியும். நான் தனியாகக் குதித்தது 38 வயதில். நீங்கள் அநேகமாக ஐடியில் இருப்பீர்கள், ரீல்ஸில் யாரோ குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள், வீட்டில் இன்னும் வாயைத் திறந்திருக்க மாட்டீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஆபீஸில் இதற்கே ஒரு வருடமாகச் சண்டை. பயிற்சியாளர் உங்களைத் தன் முன்னால் கட்டிக்கொண்டு குதிப்பது டேன்டம். அதில் நீங்கள் மூட்டை, அவர் போர்ட்டர். தப்பில்லை, நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ஆனால் தனியாகக் குதித்தேன் என்று சொன்னால் “பின்னாடி ஒருத்தன் இருந்திருப்பானே” என்று சிரிக்கிறார்களே, அவர்களுக்காகவும்தான் இந்தப் பதில்.

நான் கற்றது ஏஎஃப்எஃப் (ஆக்ஸிலரேட்டட் ஃப்ரீஃபால்) என்ற முறை, தாய்லாந்தில் பட்டாயா பக்கம். மொத்தம் ஏழு கட்டம். ஒரு நாள் முழுக்க வகுப்பு. கயிறு சிக்கினால் என்ன, பாதிதான் விரிந்தால் என்ன, எதை அறுத்துவிட்டு எதை இழுப்பது என்று தூக்கத்தில் கேட்டாலும் கை போகிற அளவுக்குச் செய்ய வைப்பார்கள். அப்புறம் 13,000 அடியில் இரண்டு பயிற்சியாளர்கள் இரண்டு பக்கமும் பிடித்தபடி குதிப்பார்கள், நாலாவது கட்டத்திலிருந்து ஒருவர்தான். ஆனால் முதல் நாளிலிருந்தே பாராசூட் உங்கள் முதுகில், இழுப்பது உங்கள் கை. விரிந்த பிறகு கீழே வருவதும் நீங்கள் ஒற்றை ஆள்தான், காதருகே ரேடியோவில் ஒரு குரல் மட்டும் இருக்கும்.

மூன்றாவது கட்டத்தில் நான் ஃபெயில். இடுப்பை முன்னால் தள்ளி உடம்பை வில் மாதிரி வளைத்தால்தான் காற்றில் நிலையாக இருக்க முடியும். நான் காலை மடக்கி வைத்திருந்தேன். பயிற்சியாளர் என் முகத்துக்கு எதிரே இரண்டு விரலை நீட்டினார். காலை நீட்டு என்று அர்த்தம், வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். நான் போட்டோவுக்கு என்று நினைத்துப் பல்லைக் காட்டினேன். வீடியோ இருக்கிறது, யாருக்கும் காட்டுவதாக இல்லை.

லீவு முடிந்து நங்கநல்லூர் திரும்பினேன். தினமும் காலையில் மொட்டை மாடியில் குப்புறப் படுத்து, கையையும் காலையும் தூக்கி வளைவதுதான் பயிற்சி. தலைக்கு மேல் மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானங்கள். வடாம் காயப்போட வந்த எதிர்வீட்டு மாமி நாலு நாள் பார்த்துவிட்டு “இடுப்புப் பிடிப்பாப்பா?” என்று கேட்டார். மாமி பரவாயில்லை. அசோசியேஷன் செக்ரெட்டரி, யாரோ மாடியில் சந்தேகப்படும்படி படுத்துக்கிடப்பதாகப் புகார் என்று சொல்லிக் கதவுக்குப் பூட்டே போட்டுவிட்டார். மாதம் 3,500 ரூபாய் மெயின்டனன்ஸ் கட்டுகிறேன். டிஷ் மாட்ட வருகிற பையனுக்குச் சாவி உண்டு, ஃப்ளாட் வாங்கியவனுக்கு இல்லை. கேட்டால் பொதுக்குழுவில் பேசலாம் என்கிறார், பொதுக்குழு கூடியதே இல்லை. சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது.

அடுத்த வருடம் திரும்பப் போனேன். திரும்ப வகுப்பு, திரும்ப மூன்றாம் கட்டம், ஏழு வரை முடித்தேன். மறுநாள் தனி.

பயம் எங்கே வரும் என்றால் விமானத்தின் கதவில் இல்லை. ஏறுகிற அந்தக் கால் மணி நேரத்தில் வயிறு கலங்கும். கதவு திறந்ததும் வருகிற சத்தத்தில் யோசிக்க நேரம் இருக்காது. குதித்தால் ராட்டினத்தில் வருவது மாதிரி அடிவயிறு தூக்குவதும் இல்லை, விமானத்தின் வேகம் ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் வாக்கில் விழுகிறேன், பழக்கத்தில் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அந்த ஒரு விநாடி மட்டும் சொரேர் என்றது.

5,500 அடியில் இழுத்தேன். விரிந்தது, ஆனால் கயிறுகள் ஒன்றோடொன்று இரண்டு சுற்று முறுக்கியிருந்தன. தோளிலிருந்து கயிறுகளுக்குப் போகிற பட்டைகளை விரித்துப் பிடித்து, ஊஞ்சலில் உந்துகிற மாதிரி காலை உதைத்தால் பிரிந்துவிடும், பிரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு மிதந்தேன். ரேடியோவும் இல்லை. இறங்க வேண்டிய மைதானம் எங்கே என்று தேடியபோது காற்று என்னை ரொம்பத் தள்ளியிருந்தது. எட்டிப்பிடிக்கப் பார்க்காதே, தூரம் என்றால் உயரத்திலேயே வேறு இடம் பார்த்துவிடு என்பது பாடம். கீழே பச்சையாக ஒரு வயல், அதன் ஓரத்தில் கரண்டுக் கம்பி. கம்பியை நான் பார்த்தது தாமதமாக.

திருப்பிவிடலாம் என்று கை பரபரத்தது. ஒழுங்காக விரிந்த பாராசூட்டோடு, தரைக்குப் பக்கத்தில் சட்டென்று திருப்பப் போய் செத்தவர்கள் நிறைய என்று வகுப்பில் நாலு தடவை சொல்லியிருந்தார்கள். கம்பி நேர் எதிரே இல்லை, வலது பக்கம்தான் போகிறது என்று தெரிந்ததும் கையை மேலேயே வைத்துக்கொண்டு நேராகப் போனேன். பாராசூட்டைத் திருப்ப இரண்டு கைக்கும் ஒவ்வொரு பிடி உண்டு, கடைசியில் இரண்டையும் ஒன்றாகக் கீழே இழுத்தால் வேகம் அடங்கும். நான் கொஞ்சம் சீக்கிரமே இழுத்துவிட்டேன். காலைச் சேர்த்து வைத்து விழுந்து உருண்டேன்.

முட்டி சிராய்ப்பு. தலையைத் தூக்கிப் பார்த்தால் சுற்றிலும் மரவள்ளி. எனக்குச் சேலம் பக்கம், குச்சியைப் பார்த்தாலே தெரியும். தாய்லாந்து வந்து தாத்தா தோட்டத்தில் விழுந்த மாதிரி இருந்தது. தோட்டக்காரர் ஓடி வந்து முதலில் ஒடிந்த செடிகளை எண்ணினார், அப்புறம்தான் என் முட்டியைப் பார்த்தார். நியாயம்தானே. அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, பாராசூட்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு திரும்பினேன். பயிற்சியாளர் திட்டவில்லை, கம்பியை எத்தனை அடியில் பார்த்தாய் என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

காசுத் திமிர் என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: இரண்டு வருட போனஸ் இதில்தான் போனது, இன்னும் ஓட்டுவது பழைய ஆக்டிவாதான். மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் போனேன், அம்மாவிடம் சொல்லவில்லை. நான் பயிற்சியாளர் இல்லை, என் பதிலைப் படித்து யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டாம். இடுப்பு, முட்டி, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் அதன் மேலேயே மாட்டுகிற காகிள்ஸ் தருவார்கள், நானும் சோடாபுட்டிதான்.

அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் முதல் படியான ‘ஏ’ லைசென்ஸுக்குக் குறைந்தது 25 குதிப்பு வேண்டும். எனக்கு 11 ஆகியிருக்கிறது. மீதி 14 அடுத்த போனஸைப் பொறுத்தது, மாடிச் சாவி செக்ரெட்டரியைப் பொறுத்தது.