மகள் நகை செய்யப் படிக்கலாமா? ஹட்டனிலிருந்து கேட்ட அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

சாதாரண தரம் எழுதிய கையோடு பிள்ளை நாள் முழுக்க மணி கோர்த்துக்கொண்டு இருக்கிறாள், இதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்டிருந்தீர்கள். தொழில்தான் அம்மா. ஆனால் கோர்க்கத் தெரிந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். சுத்தமாக முடிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் வேலை வரும்.

அவள் செய்த மாலை ஒன்றை எடுத்துக் கொக்கி இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். முடிச்சு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறதா? மெல்ல இழுத்தால் நழுவுகிறதா? நைலோன் பூசிய உருக்குக் கம்பியில் கோர்த்தால் முடிச்சே போடக்கூடாது. கிரிம்ப் என்ற சின்ன உலோக மணியைக் குறட்டால் நசுக்கித்தான் நிறுத்தவேண்டும். அந்தக் கம்பி 7, 19, 49 இழைகளில் வருகிறது. இழை கூடினால் மாலை கழுத்தில் நன்றாக வளைந்து கிடக்கும். முத்துக்கு வழக்கம் வேறு: பட்டு நூலில் கோர்த்து, ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் ஒரு முடிச்சு. முத்து மென்மையானது, ஒன்றோடொன்று உரசினால் பளபளப்புப் போய்விடும். நூல் அறுந்தாலும் எல்லாம் சிதறாது. கொக்கியை மாட்டும் வளையத்தை அகல விரித்துத் திறந்தால் அது மறுபடி வட்டமாகச் சேராது. ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னும் திருப்பித் திறக்கவேண்டும். இவற்றை யாரும் சொல்லாமலே அவள் கண்டுபிடித்திருந்தால், அந்தக் கையை நம்பலாம்.

சாமான் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். மணியிலும் கம்பியிலும் இலக்கம் கூடினால் அளவு குறையும். 11/0 மணி ஏறக்குறைய 2 மில்லிமீற்றர், 8/0 மணி 3 மில்லிமீற்றர். செப்புக் கம்பியின் பருமனைச் சொல்லும் கேஜ் இலக்கமும் அப்படித்தான்: 18 கேஜ் 1 மில்லிமீற்றர், 24 கேஜ் அதில் பாதி. தோட்டுக் கம்பியில் நிக்கல் இருந்தால் சிலருக்குக் காது புண்ணாகும். விற்பதற்குச் செய்கிறவள் மலிவைப் பார்த்து அதை வாங்கக்கூடாது.

மணி வேலையோடு மட்டும் நிற்க விடாதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. நுவரெலியாவிலும் எல்லவிலும் சுற்றுலாப் பயணிகள் மாலை வாங்குவார்கள், ஆனால் அவர்கள் வராத மாதங்களும் உண்டு. வெண்காரம் தடவி வெள்ளியைப் பற்றவைக்கவும், கல் பதிக்கவும், மெருகேற்றவும் தெரிந்தால் நகைப் பட்டறையிலும் அவளுக்கு இடம் உண்டு. கொழும்புக்கு அருகே கடுவெலயில் இரத்தினக்கல், ஆபரணப் பயிற்சிக்கென்றே அரச நிறுவனம் இருக்கிறது. அவ்வளவு தூரம் அனுப்பப் பயமாக இருந்தால், தொழில் பழகுநர்களைப் பட்டறைகளில் சேர்த்துவிடும் நைட்டா என்ற அரச நிறுவனத்தில் விசாரியுங்கள். எங்கே போனாலும் கேட்கவேண்டியது மூன்று: வகுப்பு தமிழில் நடக்குமா, தங்க இடம் உண்டா, முடிவில் கிடைப்பது தேசிய தொழிற்தகைமை 4ஆம் மட்டச் சான்றிதழா. அந்த மட்டம் கையில் இருந்தால் பிறகு 5ஆம் மட்டம், டிப்ளோமா என்று மேலே படிக்கலாம். பட்டறை என்றால், சேர்ப்பதற்கு முன் நீங்களே ஒருதரம் நேரில் போய்ப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் ஆண்கள்தான் வேலை செய்வார்கள், பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா என்பது உங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

உயர்தரத்தை விடச் சொல்லவில்லை. பெறுபேறு வரும்வரை அவள் கோர்க்கட்டும், திட்டாதீர்கள். என்னிடம் வரும்போது அவள் செய்ததில் மூன்றைக் கொண்டுவாருங்கள். சரியாக வரவில்லை என்று ஒதுக்கி வைத்ததும் அதில் ஒன்றாக இருக்கட்டும்.