தாளாகவே விடப்பட்ட நீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர் ஒருவர் எனக்கு ஒரு நீர்வண்ண ஓவியத்தைப் பரிசளித்திருக்கிறார். ஆளரவமற்ற வனத்து ஏரி; அக்கரையில் ஊசியிலை மரங்கள், பின்னால் மலை. ஏரிப்பரப்பில் பாதிக்கு மேல் வண்ணமே இல்லை, வெறும் தாள்தான் தெரிகிறது. நீரில் விழும் பிம்பமும் மலையைப் போல் இல்லை. இது முடிக்கப்பட்ட ஓவியம்தானா, எண்ணெய்வண்ணத்தில் தீட்டுவதற்கு முன் போட்டுப் பார்த்த வரைவா? வரவேற்பறையில் சன்னலுக்கு எதிரே மாட்ட எண்ணியிருக்கிறேன். புகைப்படம் இணைத்துள்ளேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முடிக்கப்பட்ட ஓவியம்தான், அதில் எனக்கு ஐயமில்லை. அக்கரை மரங்களின் அடியில், கரையும் நீரும் சந்திக்கும் இடத்தில், மயிரிழை அகலத்தில் ஒரு வெண்கோடு இடமிருந்து வலமாக ஓடுவதைக் கவனியுங்கள். மேலிருந்து இறங்கிய கரும்பச்சை அங்கே கூர்மையான விளிம்போடு நின்றுவிட்டு, கோட்டுக்குக் கீழே ஈரத்தாளில் கசிந்து பரவியிருக்கிறது. பாதியில் கைவிட்ட படத்தில் இத்தனை கட்டுப்பாடு இருக்காது.

நீர்வண்ணத்தில் வெண்மை என்பது பெரும்பாலும் தாள்தான். பிசினில் குழைத்த நிறமி மெல்லிய படலமாகப் படிய, ஒளி அதனூடே சென்று தாளில் பட்டுத் திரும்புகிறது. அந்தத் துலக்கத்துக்காகவே இந்த ஊடகத்தை நாடுகிறார்கள். ஒருமுறை மூடிவிட்ட தாளை மீட்பது கடினம். ஈரத்தூரிகையால் ஒற்றி எடுக்கலாம், அல்லது கத்தியால் சுரண்டலாம். ஆங்கில ஓவியர் டர்னர் 1842இல் சுவிட்சர்லாந்தின் லூசேர்ன் ஏரியையும் ரிகி மலையையும் தீட்டிய ‘நீல ரிகி’ என்ற நீர்வண்ணத்தில் அப்படிச் சுரண்டித்தான் சில ஒளிப்புள்ளிகளை எடுத்தார். ஆனால் ஏரியின் பாதியைச் சுரண்டி எடுக்க முடியாது. ஆகவே எங்கே தொடக்கூடாது என்பதை, தூரிகையை நனைப்பதற்கு முன்பே ஓவியர் முடிவு செய்திருக்கிறார்.

ஏன் அந்த இடத்தில் விட்டார் என்பதற்கு நீர்தான் காரணம். அசையாத நீர் எதிரே உள்ள மரத்தையும் மலையையும் காட்டும். காற்று தொட்ட இடத்தில் சிற்றலைகள் சாய்ந்து, வானத்தின் உயரமான, வெளிச்சமான பகுதியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும். தூரத்தில் அது பிம்பத்தைக் குறுக்கே அறுக்கும் வெளிர்ந்த பட்டையாகத் தெரியும். நீங்கள் வெறும் தாள் என்று சொல்லும் பகுதி, ஏரியின் மேல் காற்று போகும் தடம். அதை நீலத்தால் நிரப்பியிருந்தால் ஏரி கண்ணாடித் தகடாகியிருக்கும். புதிதாகத் தீட்டப் பழகுபவர்கள் பெரும்பாலும் செய்வது இதைத்தான்.

பிம்பம் மலையைப் போல் இல்லாததும் சரியே. நீரில் நாம் காண்பது தலைகீழாகத் திருப்பிய அதே காட்சி அல்ல. நம் கண் நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரமோ, அதே அளவு கீழே இன்னொரு கண் இருந்தால் அது காணும் காட்சி. தாழ்விலிருந்து பார்க்கும்போது முன்னால் நிற்கும் மரங்கள் பின்னாலுள்ள மலையை அதிகமாக மறைத்துவிடும், எனவே பிம்பத்தில் மலை குட்டையாகிறது. படத்தின் கீழ் விளிம்பில் கற்கள் பழுப்பாகத் தெரிகின்றனவே, அதுவும் கூர்ந்த கவனிப்பு. காலடி நீரைச் செங்குத்தாகப் பார்க்கும்போது ஒளியில் சுமார் 2 விழுக்காடுதான் எதிரொளிக்கிறது, அதனால் அடித்தளம் தெரிகிறது. பார்வை சரியச் சரிய எதிரொளிப்பு கூடி, அக்கரைப் பக்கம் நீர் ஏறக்குறைய முழுக் கண்ணாடியாகிறது.

முன்வரைவு என்ற ஐயம் எண்ணெய்வண்ணமே பெரிது என்ற பழைய பழக்கத்திலிருந்து வருகிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் வனப்பகுதியில், குளத்துத் தவளையையும் மீனையும் அருகிருந்து காட்டும் ‘மிங்க் குளம்’ (1891), ‘நீலப் படகு’ (1892) போன்றவற்றை நீர்வண்ணத்திலேயே தீட்டினார். அவை தம்மளவில் முழுமையான படைப்புகள். அதே 1892இல்தான் அம்மாநில அரசு அடிராண்டாக் பூங்காவை அறிவித்தது. மரம் வெட்டுவோரும் வேட்டைக்காரரும் புழங்கிய காடு அது. ஹோமர் அவர்களையும் தீட்டினார். உங்கள் படத்தின் ஆளற்ற தனிமையும் ஓவியரின் தேர்வாக இருக்கலாம்.

சன்னலுக்கு எதிரே மட்டும் மாட்டாதீர்கள். சில நிறமிகள், குறிப்பாகப் பழைய சிவப்புகள், ஒளியில் வெளிறிவிடும். வயலில் நிற்கும் சிறுவனை ஹோமர் 1887இல் தீட்டிய படத்தில் இன்று வானம் ஏறக்குறைய வெள்ளையாக இருக்கிறது. அது ஒரு காலத்தில் சிவந்த அந்தி வானம் என்பதை, எஞ்சிய நிறமித் துகள்களை ஆராய்ந்தே கண்டறிந்தார்கள். அருங்காட்சியகங்கள் நீர்வண்ணங்களுக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) அளவு மங்கலான ஒளியையே அனுமதிக்கின்றன. நேர்வெயில் படாத, ஈரம் கசியாத உட்சுவரே ஏற்றது. சட்டமிடும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி அமிலமற்ற மவுண்ட் அட்டையை இடையில் வைக்கச் சொல்லுங்கள். புறஊதாக் கதிர் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் நல்லது, ஆனால் அதை நம்பி வெயிலில் மாட்ட வேண்டாம்.