நெட்டைக்காலியும் 500 கன்றுகளும்

அன்புள்ள ஐயா,
போன மாதம் நீலகிரியில் அவலாஞ்சிக்கு மேலே போயிருந்தோம். புல்லுக்குள் கோடு போட்ட ஒரு பழுப்புக் குருவி ஓடிக்கொண்டிருந்தது. அது என்ன குருவி? படமெடுக்க எந்த கேமரா நல்லது? மலையெல்லாம் வெறும் புல்லாகக் கிடந்தது வருத்தமாக இருந்தது. அடுத்த மழைக்கு அங்கே 500 மரக்கன்றுகள் நடப்போகிறோம். வாழ்த்துங்கள்.
ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

அது நீலகிரி நெட்டைக்காலியாக இருக்கும். "ஓடிக்கொண்டிருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள், அதை வைத்துத்தான் சொல்கிறேன். சிட்டுக்குருவி தத்தும்; இது கால் மாற்றி நடக்கும். கேமராவைப் பற்றி விவரம் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

வாழ்த்த மாட்டேன். "வெறும் புல்" என்று எழுத எப்படி மனம் வந்தது? நீலகிரிச் சதுப்பின் கரிமண்ணை ஆராய்ந்தவர்கள் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். யாரோ காட்டை வெட்டியதால் வந்த பொட்டல் இல்லை அது. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல், அதுதான் அந்த மலை. மார்கழி, தை உறைபனி சோலை மரங்களின் கன்றைப் புல்மேட்டில் தலையெடுக்க விடாது. இந்தப் பறவை தென்னிந்தியாவின் உயர்ந்த மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அழிய வாய்ப்புள்ள இனம் என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். காரணம், உங்களைப் போலவே அங்கே மரம் நட்டவர்கள்.

என் அப்பாவும் நட்டார். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று சீகை, அதாவது வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம், நட்ட காலம். அவர் கூலிக்குக் குழி வெட்டினார். பள்ளி விடுமுறையில் நான் நாற்றுக்கூடை தூக்கினேன். ஒருநாள் மண்வெட்டி பட்டு ஒரு புல்தூர் சாய்ந்தது. அடியில், தரையோடு தரையாக, கிண்ணம் மாதிரி ஒரு கூடு. உள்ளே பொடிப்புள்ளி போட்ட இரண்டு முட்டைகள். அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தார். தூரை நிமிர்த்தி, கையாலேயே மண்ணை அணைத்தார். நாலடி தள்ளிப்போய் அடுத்த குழியை வெட்டினார். பக்கத்துப் புதர் உச்சியில் தாய்க்குருவி கத்திக்கொண்டே இருந்தது. நாலடி போதும் என்று அவர் மனதார நம்பினார்.

போதவில்லை. சீகை வளர்ந்து மூடியது. நிழலில் புல் செத்தது. பல வருடம் கழித்துப் போனேன். அந்தச் சரிவில் சருகு மிதிபடும் சத்தம்தான். அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.

அவருக்குச் சொல்ல ஆளில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன். இனியும் நட்டால் அது தெரிந்தே செய்வது.

கன்றுகளை உங்கள் ஊருக்குள்ளேயே, மரம் வெட்டிய சாலையோரங்களில் நடுங்கள். அப்புறமும் மலைக்கு வர ஆசையிருந்தால், வனத்துறை அனுமதியோடு சீகை பிடுங்கப் போகிறவர்களுடன் சேர்ந்துகொள்ளுங்கள். மழை பெய்து மண் நெகிழ்ந்திருந்தால் சின்னக் கன்றெல்லாம் வேரோடு வந்துவிடும். புல்தூரை மட்டும் பார்த்துக் கால் வையுங்கள்.