15 லட்சமாமே!

கேள்வி: ரஷ்யாவில் காகசஸ் மலைமேல் ஆர்ச்சி என்று ஒரு மொழியாம். எழுத்து வழக்கமே கிடையாதாம், பேசுகிறவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தானாம். ஆனால் ஒரே வினைச்சொல்லுக்கு 15 லட்சம் வடிவம் இருக்காமே? கப்சாதானே சார்?
- ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: கப்சா இல்லை, கணக்கு. அலெக்சாந்தர் கிப்ரிக் என்ற ரஷ்ய மொழியியலாளர் போட்டது; மொத்தம் 15,02,839. ஒரு வேரோடு சேரக்கூடியதையெல்லாம் பெருக்கி வந்த எண் அது, அத்தனையையும் யாரும் பேசித் தீர்ப்பதில்லை.

உங்கள் கேள்வியையே பாருங்கள். மொழியாம், கிடையாதாம், பேர்தானாம், இருக்காமே. நாலு 'ஆம்'! நான் சொல்லவில்லைப்பா, எவனோ சொன்னான், பொய்யென்றால் என்னைப் பிடிக்காதே என்பதையெல்லாம் இந்த ஒரு துண்டிலேயே முடித்துவிட்டீர்கள். ஆர்ச்சியிலும் பிறர் சொன்னதாகக் காட்ட வினையின் வாலில் ஒரு துண்டு உண்டு. நம் 'ஆம்' ஒட்டியதும் கதை முடிந்தது. அங்கே அது ஒட்டிய பிறகு வினை மறுபடி முதலிலிருந்து விகுதிகளை வாங்கத் தொடங்கும். எண் எகிறுவது அங்கேதான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 'என்'. நமக்கு என் தம்பி, என் தங்கை, என் குதிரை, எல்லாவற்றுக்கும் ஒரே 'என்'. ஆர்ச்சியில் பால் நான்கு, தம்பிக்கு 'விஸ்', தங்கைக்கு 'டிஸ்', குதிரைக்கு 'பிஸ்' (பஸ்ஸில் வரும் ப), நாலாவது வகைக்கு வெறும் 'இஸ்'. சாமான்களில் பல இந்த நாலாவதில்தான்.

கேள்வி: எழுத்தில்லாமல் ஆர்ச்சி எப்படிப் பிழைத்தது?
- ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ரஷ்யாவின் தாகெஸ்தான் குடியரசில் ஆர்ச்சிப் என்ற ஊரும் சுற்றியுள்ள சில குக்கிராமங்களும்தான் அதன் மொத்த எல்லை. பெண் எடுப்பது கொடுப்பது பெரும்பாலும் ஊருக்குள்ளேயே, அதனால் வீட்டுக்குள் வேறு மொழி நுழையவில்லை. வெளியே சந்தைக்கும் வேலைக்கும் போக அக்கம்பக்கத்தாரின் அவார், லாக் மொழிகளைக் கற்றுக்கொண்டார்கள். உங்கள் பக்கத்து எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் வீட்டுத் தெலுங்கைக் கல்லாவுக்கு வெளியே விட்டுவிட்டு, வந்தவரைப் பார்த்துத் தமிழோ இந்தியோ பேசுகிறார்களே, அதே மாதிரிதான். ஆனால் அவாரும் லாக்கும் பேசும் அந்த அக்கம்பக்கத்தார் திரும்ப ஆர்ச்சி கற்கவில்லை, கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். பள்ளிக்கூடத்திலும் அவாரும் ரஷ்யனும்தான். அப்புறம், பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகத்தார் ஒலிப்பதிவோடு ஓர் ஆர்ச்சி அகராதி செய்திருக்கிறார்கள், ஊர்க்காரர் குரலிலேயே கேட்கலாம்.