கிட்லேப் சர்வரில் 502 வந்தால் எதையும் அழிக்காதீர்கள்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 12 பேர். மூன்று ஆண்டுகளாக ஒரு உபுண்டு கணினியில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்லேப் மென்பொருளைப் போட்டு நாங்களே பார்த்துக்கொள்கிறோம். போன வாரம் கரண்ட் போய் வந்ததிலிருந்து 502 என்ற பிழைதான் வருகிறது. புஷ் (சர்வருக்கு அனுப்புவது), புல் (அங்கிருந்து எடுப்பது) எதுவும் நடக்கவில்லை. சர்வீஸுக்கு வந்தவர், “ரெப்போ (நிரல் களஞ்சியம்) எல்லாம் கரப்ட், ஃபோல்டர் பெயர்களே மாறிவிட்டன, ஃபார்மட் செய்துதான் மீட்க வேண்டும், 40,000 ரூபாய் ஆகும்” என்கிறார். கொடுக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். ஃபார்மட் செய்ய யாரையும் அந்தக் கணினிப் பக்கமே விடாதீர்கள்.

முதலில் அந்த ஃபோல்டர் பெயர் கதை. இப்போதைய கிட்லேப் உங்கள் புராஜெக்டின் பெயரில் ஃபோல்டர் வைப்பதில்லை. புராஜெக்ட் எண்ணிலிருந்து கணக்கிட்ட 64 எழுத்துகள் கொண்ட, வாயில் நுழையாத ஒரு பெயரில்தான் வைக்கிறது. அது இயல்பு. இதைக் காட்டிப் பயமுறுத்திப் பணம் கேட்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. உங்கள் 12 பேரில் யார் முழுதாக குளோன் (ரெப்போவின் நகல்) எடுத்திருந்தாலும், அவர் கடைசியாகப் புல் செய்த நாள் வரையிலான நிரலும் அதன் வரலாறும் அவர் லேப்டாப்பிலேயே இருக்கின்றன. சர்வரில் மட்டும் இருப்பவை இஷ்யூக்கள் (பிழை, பணிப் பதிவுகள்), மெர்ஜ் ரிக்வெஸ்ட்கள் (மாற்றங்களைச் சேர்க்கும் கோரிக்கைகள்), பயனர் கணக்குகள் போன்றவை. ஃபார்மட் செய்தால் போகப்போவது இவைதான்.

502 என்றால் வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் கூப்பிடுகிறது, உள்ளே கிட்லேப்பை ஓட்டும் பூமா என்ற மென்பொருள் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். ரீஸ்டார்ட் ஆனதும் சில நிமிடம் இப்படித்தான் இருக்கும். ஒரு வாரமாக இருந்தால் பெரும்பாலும் டிஸ்க் நிரம்பியிருக்கும். டிஸ்க்கில் இடமில்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் எழாது, அது எழாமல் பூமாவும் எழாது. நிரப்பியது யார்? அநேகமாகத் தினசரி பேக்கப். பழைய பேக்கப்பை அழிக்கச் சொல்லி நாம் அமைத்தால் ஒழிய கிட்லேப் அழிக்காது. அந்த அமைப்பையும் நாளில் கொடுக்க முடியாது, விநாடியில் கொடுக்க வேண்டும்: 7 நாளுக்கு 604800. மனிதர்கள் படிக்கிற மாதிரி இதை வைத்திருந்தால் என்ன?

சரி, கடைசி பேக்கப்பை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பேக்கப் ஃபோல்டரில் உள்ள பழையவற்றை மட்டும் நீக்குங்கள். போஸ்ட்கிரெஸ் ஃபோல்டருக்குள் கை வைக்கவே வேண்டாம். அங்கே ‘பிஜி_வால்’ (pg_wal) என்ற ஃபோல்டரில் ஜிபி கணக்கில் கோப்புகள் இருக்கும், பார்த்தால் வெறும் லாக் (பதிவுக் கோப்பு) போலத் தெரியும். அவற்றை அழித்துத் தரவுத்தளத்தையே எழவிடாமல் செய்தவர்கள் உண்டு. இடம் கிடைத்ததும் கிட்லேப்பை ரீஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

டிஸ்க்கில் இடம் இருந்தும் 502 வருகிறதா? அப்படியானால் இதைக் கேட்கிறேன், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்: அதே கணினியில் யாராவது ஜென்கின்ஸோ டாம்கேட்டோ, அதாவது வேறு சர்வர் மென்பொருள் எதையாவது போட்டார்களா? பூமாவுக்கு 8080 போர்ட் (மென்பொருள்கள் ஒன்றையொன்று தொடர்புகொள்ளும் வாசல் எண்) வேண்டும். ஜென்கின்ஸும் வழக்கமாக அதே 8080-ல்தான் உட்காரும். கிட்லேப் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் போட்டிருந்தால், அது எழாமல் சும்மா கிடந்திருக்கும், போட்டவரும் மறந்திருப்பார். கரண்ட் போய் வந்ததும் எது முந்துகிறதோ அதற்குத்தான் போர்ட். ஜென்கின்ஸ் முந்திவிட்டால் பூமா எழுந்து எழுந்து விழும். அதன் லாக்கில் ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். ஜென்கின்ஸை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் முடிந்தது. ஒரு பைசா செலவில்லை.

அப்புறம் பேக்கப். கிட்லேப் எடுக்கும் பேக்கப்பில் அதன் ரகசியச் சாவிகள் இருக்கும் கோப்பும் அமைப்புக் கோப்பும் சேராது. பேக்கப் முடியும்போது எச்சரிக்கை வருகிறது, உண்மைதான். நள்ளிரவில் தானாக ஓடும் வேலையில் அதை யார் படிப்பார்கள்? அந்தச் சாவிக் கோப்பு இல்லாமல் புதிதாகப் போட்டால், பேக்கப் நல்லபடியாகத் திரும்பினாலும், இரண்டடுக்கு லாகினும் சிஐ-யில் (நிரலைத் தானாகச் சோதிக்கும் வசதியில்) சேமித்த பாஸ்வேர்டுகளும் திறக்காது. அதோடு, எந்தப் பதிப்பில் எடுத்தீர்களோ அதே பதிப்பில்தான் திருப்ப முடியும். “லேட்டஸ்ட் போட்டுத் தருகிறேன்” என்பவர் இதைச் சொல்வதில்லை.

பேக்கப் ஓடுகிறது என்று நம்பியும் இருந்துவிடாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்திலேயே ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். தேடினால், பதிப்புப் பொருத்தமின்மையால் தினசரி பேக்கப் யாருக்கும் தெரியாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தற்செயலாக எடுத்திருந்த ஒரு நகல் இருந்ததால் இழப்பு சுமார் 6 மணி நேரத் தரவோடு நின்றது.

ஆகவே வேறு எதையும் தொடுவதற்கு முன்பு, இன்றே ‘இடிசி’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘கிட்லேப்’ ஃபோல்டரை (/etc/gitlab, சாவிக் கோப்பு அங்கேதான் இருக்கிறது) அப்படியே ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துப் பூட்டி வையுங்கள். வந்தவருக்கு ரூட் (முழு அதிகாரம் தரும்) பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் 502 தொடர்ந்தால், பூமா லாக்கின் கடைசி 20 வரிகளை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.